இறம்பொடை ராசம்மா

1923ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி நுவரெலியா மாவட்டத்து இறம்பொடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. டெய்சி ராசம்மா டேனியல்ஸ் என்று பெயர் வைத்தார்கள். கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். தென்னிந்தியாவிலிருந்து வியாபாரத்துக்காக வந்து, கொழும்பில் ஊன்றி, தலைமுறைகள் போகப் போகச் சிங்களமும் ஆங்கிலமும் பேசப் பழகிய சமூகம் அது. ராசம்மா என்ற பெயர் மட்டும் வந்த வழியைச் சொல்லிக்கொண்டிருந்தது. 24 வருடங்கள் கழித்து, சிங்கள மொழியின் முதலாவது பேசும்படத்தில் இந்த ராசம்மாதான் கதாநாயகி. நாடு அவரை ருக்மணி தேவி என்று அறிந்தது.

இதே மாவட்டத்து லிந்துலையிலிருந்து இறம்பொடை தூரமில்லை. நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறி, அங்கிருந்து லபுக்கலையைக் கடந்து கண்டி வீதியில் இறங்கினால் நீர்வீழ்ச்சியின் இரைச்சல் கேட்கும். இரண்டு இடத்திலும் அதே தேயிலை, அதே பனி. இருந்தும் லிந்துலைப் பக்கத்து லயங்களில் ருக்மணி தேவியைத் தெரிந்தவர்களில் பலருக்கு அவர் இந்த மலையில் பிறந்தவர் என்பது தெரியாது. குரல் தெரியும், படம் தெரியும், ஊர் தெரியாது. அவர் கொழுந்து பறித்த குடும்பத்துப் பிள்ளையல்ல, வளர்ந்ததும் கொழும்பில். அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் ஒரு நாட்டின் சினிமா வரலாறு தன் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கும் பெண், மலையகத்தில் பிறந்து, ராசம்மா என்ற பெயரைச் சுமந்தவர் என்பது மலையகத்தார் தெரிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி.

சிறு வயதிலேயே அவருக்கு மேடை வாய்த்துவிட்டது. வோல்டர் அபேசிங்கவின் 'ராமாயணய' நாடகத்தில் சீதையாக நடித்தபோது வயது 12 அளவில்தான் இருக்கும். பெண்கள் மேடையேறுவதைக் குடும்பங்கள் விரும்பாத காலம் அது. இதே மலைகளில் அப்போது காமன் கூத்து ஆடினார்கள். ரதியாக வேடம் கட்டியது ஆண் பிள்ளைதான். அருச்சுனன் தபசிலும் பொன்னர் சங்கரிலும் அதே வழக்கம். அதனால் ஒரு சிறுமி சீதையாக நின்று பாடியதைக் கேட்டவர்கள் மறக்கவில்லை. பதின்ம வயது முடியுமுன் எச். டபிள்யு. ரூபசிங்கவுடன் சேர்ந்து இசைத்தட்டுக்குப் பாடினார். 'சிறி புத்தகயா விகாரே' என்ற அந்தப் பாட்டு பௌத்த பக்திப் பாட்டு. பாடியவர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும் பெண். கேட்டவர்கள் எவரும் அதை வேற்றுமையாக நினைக்கவில்லை. இன்றைக்கும் அந்தப் பாட்டு அந்தக் குரலுக்கே உரியது.

பிறகு நீர்கொழும்பைச் சேர்ந்த பி. ஏ. டபிள்யு. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழு. நகைச்சுவை நடிகரான எடி ஜயமான்ன அவருடைய தம்பி. ருக்மணி தேவி எடியையே கல்யாணம் செய்துகொண்டார். மினர்வாவின் நாடகங்கள் ஊரூராகப் போய் வந்தன. அவற்றில் ஒன்றுதான் 'கடவுனு பொறொந்துவ'. அதைப் படமாக எடுக்க முன்வந்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படம் பிடிக்க இலங்கையில் அப்போது ஸ்டூடியோ கிடையாது. நாடகக் குழு கடல் கடந்து மதுரைக்குப் போனது. நாயகத்தின் சித்திரகலா மூவிடோன் ஸ்டூடியோவில் படம் உருவானது. இயக்கியவர் ஜோதிஷ் சின்ஹா, வங்காளி. இசை நாராயண ஐயர். மதுரை ஸ்டூடியோ, வங்காள இயக்குநர், தமிழ் முதலாளி, கொழும்புச் செட்டிக் கதாநாயகி, நீர்கொழும்பு நாடகக் குழு: முதல் சிங்களப் படம் இப்படித்தான் பிறந்தது. 1947 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பில் திரையிடப்பட்டது. இலங்கை சினிமா தன் பிறந்த நாளாக இன்றுவரை கொண்டாடுவது அந்தத் திகதியைத்தான்.

இந்த விவரங்களை மலையகத்து வாசகர் வேறொரு கண்ணால் பார்ப்பார். தலைமன்னாரில் இறங்கி, காடு கடந்து நடந்து, மலையேறி வந்த மக்களின் பேரப்பிள்ளைகள் அப்போது லிந்துலையிலும் தலவாக்கலையிலும் தேயிலைக்கு நடுவே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களின் முன்னோர் விட்டுவந்த சீமையை நோக்கி, எதிர்த் திசையில், சிங்கள நாட்டின் முதல் கதாநாயகி போய்க்கொண்டிருந்தார். படம் வெளிவந்த அதே ஆண்டு நடந்த பொதுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியில் வென்றவர் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. அடுத்த வருடமே, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த வாக்காளர்களையே நாடற்றவர்களாக்கியது. ஒரு நாடு தன் சொந்தக் குரலைத் திரையில் கேட்டு மகிழ்ந்த அதே பருவத்தில் மலையகத்தின் வாயை அடைத்தது. இதை மறந்துவிட்டு அந்தக் காலத்துச் சினிமாவைப் பற்றி இனிமையாக மட்டும் எழுதுவது நியாயமாகாது.

லிந்துலைக்கு அருகே ஒரு தோட்டத்தில், வேலையிலிருந்து ஓய்ந்து பேரப்பிள்ளைகளோடு இருக்கும் ஒரு மூதாட்டி. வயது 80ஐத் தொடுகிறது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேரன் ஒருநாள் கைபேசியில் ஒரு பழைய சிங்களப் பாட்டைப் போட்டான்.

"அப்பாயி, இது யாரு கொரலுன்னு தெரியுதா?"

"ஏன் தெரியாது? ருக்மணி தேவி. கணக்கப்பிள்ளை ஐயா வீட்டு ரேடியோவுல கேட்டதுதான். பாட்டு வெளங்காது, ஆனா நின்னு கேப்போம்."

"அவங்க நம்ம இறம்பொடையில பொறந்தவங்களாம். சொந்தப் பேரு ராசம்மா."

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. "ராசம்மாவா? நம்ம பணிய லயத்துலயே மூணு ராசம்மா இருந்தாங்க சாமி. ஒருத்தி நல்லாப் பாடுவா. அவ சீமைக்குப் போயிட்டா."

சீமைக்குப் போனது 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்றும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்றும் இரண்டு தலைநகரங்களில் கணக்குப் போட்டார்கள். பாடத் தெரிந்த ராசம்மா அந்தக் கணக்கில் ஒரு தலை. நீலகிரிப் பக்கம் போனதாகக் கேள்வி. அதற்குப் பிறகு கடிதம் வந்து நின்றுபோயிற்று.

பேரன் அன்று தூண்டிவிட்ட நினைவு லேசில் நிற்கவில்லை. பாட்டி முதன்முதலாகப் பார்த்த படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. 1956இல் சேலம் மொடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் வண்ணத்தில் எடுத்த படம், எம்.ஜி.ஆரும் பானுமதியும். இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்வதற்குள் காலம் போயிருந்தது. அதனால் என்ன? சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை. தகப்பன், சித்தப்பன், மாமன் வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரு கூட்டமாகத் தலவாக்கலை டவுனுக்கு நடந்தார்கள். குமரிப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா என்று லயத்தில் முந்தின நாள் பெரிய வாக்குவாதம் நடந்திருந்தது. அம்மாக்காரி ஒரே சொல்லில் முடித்துவைத்தாளாம்: "அதுகளும் கண்ணைத் தொறக்கட்டும்." திரையில் நிறத்தைப் பார்த்ததும் கூச்சல் போட்டவர்களில் பாட்டியும் ஒருத்தி. திரும்பும்போது இருட்டிவிட்டது. பந்தம் பிடித்து மலையேறினார்கள்.

மறுநாள்தான் உண்மையான படம் ஓடியது. பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, படங்கு கட்டி, கூடை மாட்டி, நெரை பிடித்தவுடன் படம் பார்த்தவள் கதையைத் தொடங்குவாள். பார்க்காதவர்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வருவார்கள். கை கொழுந்தில் இருக்கும், காது கதையில் இருக்கும். வசனத்தை வசனமாகவே சொல்ல வேண்டும். பாட்டு வரும் இடத்தில் பாட வேண்டும். சண்டை வந்தால் கூடை குலுங்கும். கங்காணி சத்தம் போட்டால் குரல் தாழும், கதை நிற்காது. றாத்தல் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆகவே கதை சொல்கிறவளின் கூடையில் பக்கத்திலிருப்பவர்கள் இரண்டு பிடி கொழுந்து போட்டுவிடுவார்கள். படத்துக்குக் கொடுத்த டிக்கட் காசு அது. ஒரு படம் அப்படி ஒரு வாரம் ஓடும். கடைசியில் மலை முழுக்க அந்தப் படத்தைப் 'பார்த்திருக்கும்'.

தோட்டத்து மாரியம்மன் திருவிழா இரவில் மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியதும் உண்டு. முன்பக்கம் இடமில்லாதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து, வலது இடதாகத் தெரிந்த படத்தைக் கடைசிவரை பார்த்தார்கள். மழை பிடித்தாலும் எழும்பவில்லை. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டார்கள்.

அந்தப் பெண்களுக்கு மிகவும் பிடித்த நடிகை பானுமதி. அழகைச் சொல்லிப் பேசியவர்கள் குறைவு. அவர் எதிர்த்துப் பேசும் விதத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 'நாடோடி மன்ன'னில் பாதியிலேயே பானுமதியின் பாத்திரம் செத்துப்போவதைப் பாட்டி இன்றும் மன்னிக்கவில்லை. "அந்தம்மா இருந்திருந்தா கதை வேற மாதிரிப் போயிருக்கும்" என்கிறார். அந்தப் பானுமதியே தம் கதையை எழுதி வைத்தார் என்று பேரன் சொன்னபோது பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உண்மைதான். பானுமதி தெலுங்கில் எழுதிய 'நாலோ நேனு' என்ற நினைவு நூல், சினிமா பற்றிய சிறந்த புத்தகத்துக்கான இந்தியத் தேசிய விருதைப் பெற்றது. 1939இல் 'வரவிக்ரயம்' என்ற தெலுங்குப் படத்தில் பதின்ம வயதுப் பெண்ணாக நுழைந்தவர், பாடகியாகவும் எழுத்தாளராகவும் பரணி ஸ்டூடியோவின் உரிமையாளராகவும் ஆனார். 1953இல் 'சண்டிராணி' படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் தாமே இயக்கினார். தம்மைப் பற்றிப் பிறர் சொல்லும் வரை காத்திருக்காத பெண். நடிகையின் நினைவு நூல் என்றால் வம்பு தேடி வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இழப்பது பெரிது. ஒரு தொழிலுக்குள் ஒரு பெண் எப்படி நின்றாள், சம்பளத்தை யார் பேசினார்கள், எந்த இடத்தில் 'முடியாது' என்று சொன்னாள், அந்தச் சொல்லுக்கு என்ன விலை கொடுத்தாள் என்பதெல்லாம் இந்த நூல்களில்தான் கிடைக்கும்.

வங்காளத்தின் கானன் தேவி 1973இல் 'சபாரே ஆமி நமி' என்று தம் கதையை எழுதினார். வறுமையில் பிறந்து, குழந்தையாகவே வேலைக்குப் போய், பிறகு இந்தியாவின் பெரிய பாடகி நடிகைகளில் ஒருவராகி, 1976இல் தாதாசாகேப் பால்கே விருது பெற்றவர். தொடக்க காலத்துப் படம் ஒன்றில், முன்கூட்டிச் சொல்லாமலே கதாநாயகனை முத்தமிடச் செய்து படம் பிடித்ததையும், சிறுபெண்ணாகத் தாம் கூசிப்போனதையும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு நாற்பது வருடங்கள் தேவைப்பட்டன.

மராத்தி நடிகை ஹன்சா வாட்கரை இங்கே கட்டாயம் நினைக்க வேண்டும். ருக்மணி தேவி பிறந்த அதே 1923இல் பிறந்தவர். ருக்மணி தேவியின் முதல் படம் வெளிவந்த அதே 1947இல் 'லோகஷாஹிர் ராம் ஜோஷி'யில் புகழ் பெற்றவர். 1970இல் வெளிவந்த அவருடைய 'சாங்க்த்யே ஐகா' பத்திரிகையாளர் அருண் சாதுவிடம் அவர் வாயால் சொல்லி எழுதப்பட்டது. முறிந்த வாழ்க்கை, குடி, ஏமாற்றம், தனிமை என்று எதையும் ஒளிக்கவில்லை. அதைத் தழுவித்தான் ஷியாம் பெனகல் 1977இல் 'பூமிகா' எடுத்தார். நடித்தவர் ஸ்மிதா பாட்டீல். எழுதப் பழக்கமில்லாத ஒரு பெண்ணின் வாழ்க்கை நூலாகவும் படமாகவும் நிலைத்ததற்குக் காரணம், பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்க ஒருவர் இருந்ததுதான். மலையகத்துக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. இங்கே கதை இருக்கிறவர்கள் ஏராளம். கேட்கிறவர்கள்தான் போதவில்லை.

ருக்மணி தேவியும் தம் வாழ்க்கைக் கதையை 'மகே ஜீவித வித்தி' என்ற பெயரில் சிங்களத்தில் சொல்லி வைத்திருக்கிறார். அவருடைய படவுலக வாழ்க்கை முப்பது வருடங்களுக்கு மேல் நீண்டது. 'கபடி ஆரக்ஷகய', 'பெரலென இரணம' என்று மினர்வா நாடகங்கள் அடுத்தடுத்துப் படங்களாயின. தென்னிந்திய ஸ்டூடியோக்களில் எடுத்த அந்தப் படங்களை, இந்தியப் பாணி என்று சொல்லிப் பிற்காலத்து விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் 'ரேகாவ'வை ஸ்டூடியோவுக்கு வெளியே, கிராமத்து வெயிலில் படமாக்கிய பிறகு அந்தக் குற்றச்சாட்டு பலத்தது. கலையின் கணக்கில் அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த ஸ்டூடியோ நாட்களில் தமிழ்த் தொழிலாளரும் சிங்களக் கலைஞரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள். சேலத்தில் பிறந்த மொஹிதீன் பேக்கும் இறம்பொடையில் பிறந்த ருக்மணி தேவியும் சேர்ந்து பாடிய சிங்களக் காதல் பாட்டுகளை ஒரு தேசமே முணுமுணுத்தது. பிறகு வந்த எந்த அரசியலாலும் அந்த உண்மையைத் துடைத்துவிட முடியவில்லை.

துடைக்க முயன்றதும் நடந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில், ஹெந்தலையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவுக்குத் தீ வைத்தார்கள். தமிழ் முதலாளியின் சொத்து என்று எரித்ததில், பல சிங்களப் படங்களின் மூலச் சுருள்களும் சாம்பலாயின. படமே இல்லாமல் போன பிறகு, அதில் நடித்தவர்களின் வாய்மொழியும் பார்த்தவர்களின் நினைவும்தான் மிஞ்சும் சாட்சி. நினைவு நூல்களை அலட்சியம் செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இலங்கைத் தமிழ்ப் படங்களும் மலையகத்தைத் தொட்டன. 1962இல் 'சமுதாயம்', அடுத்த ஆண்டே தோட்டத்து வாழ்வைக் கதையாகக் கொண்ட 'தோட்டக்காரி'. தொழிற்சங்கத் தலைவரான வி. பி. கணேசன் 1975இல் 'புதிய காற்று' எடுத்தார். மலையகத்து மக்கள் தங்கள் லயத்தையும் தங்கள் வழக்கையும் திரையில் பார்க்கப் போனார்கள். லயத்து வாழ்க்கையைத் தமிழகத்துப் படங்களால் காட்ட முடியவில்லை; இந்தச் சிறிய படங்கள் முயன்றன. தொழில்நுட்பத்தில் குறையிருந்தது என்று சொல்லி அவற்றை ஒரு வரியில் கடந்துபோவது பெரிய அநீதி.

ருக்மணி தேவியின் கடைசிக் காலம் எளிதானதல்ல. படங்கள் குறைந்தன, மேடைக் கச்சேரிகளில் பாடினார். எழுபதுகளின் இளைஞரான கிளாரன்ஸ் விஜேவர்தனவின் கித்தார் இசையோடும் அந்தக் கனத்த குரல் பொருந்திப் போனது. தாத்தா பாட்டி காலத்துப் பாடகியைப் பேரப்பிள்ளைகள் மறுபடி கொண்டாடினார்கள். 1978 ஒக்டோபர் 28ஆம் திகதி, மாத்தறையில் ஓர் இசை நிகழ்ச்சியில் பாடிவிட்டுத் திரும்பும் வழியில், ஜா-எலைக்கு அருகே துடெல்லவில் நடந்த கார் விபத்தில் இறந்தார். வயது 55. நீர்கொழும்பில் அடக்கம் செய்தார்கள். அழுதுகொண்டு வந்த கூட்டத்தை அந்த ஊர் இன்றும் பேசுகிறது. அதே ஆண்டில்தான் மாலினி பொன்சேகா சிவாஜி கணேசனோடு நடித்த 'பைலட் பிரேம்நாத்' வந்தது; சிங்களத் திரையின் அடுத்த தலைமுறை நாயகியை மலையகத்துத் தியேட்டர்கள் தமிழ் பேசப் பார்த்தன.

லிந்துலைப் பாட்டிக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. தெரிந்தது வேறு. ரேடியோ சிலோனில் அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரல் கேட்கும் நேரத்துக்குக் கணக்கப்பிள்ளை வீட்டு வாசலில் எத்தனை பேர் நிற்பார்கள் என்பது தெரியும். எந்தப் படத்துக்கு எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை பேர் நடந்தார்கள், எந்த நெரையில் எவள் நல்ல கதைசொல்லி, சீமைக்குப் போகும்போது பாட்டுப் புத்தகங்களை யாரிடம் கொடுத்துவிட்டுப் போனாள் என்பதெல்லாம் தெரியும். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாக அலைந்து நாட்டார் பாடல்களைத் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று 1983இல் தந்திராவிட்டால், அந்தப் பாடல்களில் பெரும்பகுதி அவற்றைப் பாடியவர்களோடு போயிருக்கும். சினிமா பார்த்த நினைவுக்கும் அப்படிப்பட்ட உழைப்பு வேண்டும். அலிபாபாவைச் சிறுமியாகப் பார்த்தவர்கள் 80 வயதில் இருக்கிறார்கள். இன்னும் பத்து வருடம் பொறுத்துச் செய்யக்கூடிய வேலையல்ல இது.

சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரிந்த மலையகத்து இளைஞர்கள் இன்று நிறையப் பேர். அவர்களில் ஒருவர் ருக்மணி தேவியின் வாழ்க்கையைத் தமிழில் முழுமையாக எழுத வேண்டும். இறம்பொடையில் தொடங்கி எழுத வேண்டும். மற்றவர்களுக்கு இதைவிடச் சுலபமான வேலை ஒன்று இருக்கிறது. தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனைப் பாடசாலைகளில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளே, அடுத்த விடுமுறையில் உங்கள் அம்மாயி, அப்பாயிகளிடம் உட்கார்ந்து, முதன்முதலாகப் பார்த்த படம் எது, யாரோடு போனார்கள், மறுநாள் மலையில் யார் கதை சொன்னார்கள் என்று கேட்டுக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் சொன்ன திகதியையும் கூடவே குறித்து வையுங்கள். பாட்டுப் பாடினால் நிறுத்தாதீர்கள்.